சிமிழை எங்கே இறக்குவது

டீச்சர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. சின்னவள் பூட்டை ஒரு முறை பிடித்து இழுத்துப் பார்த்தாள். இழுத்தால் திறந்துகொள்ளும் என்று அல்ல. மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்பை யார் மீதாவது காட்ட வேண்டும், அங்கே பூட்டைத் தவிர வேறு யாரும் இல்லை.

எதிர்வீட்டுப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "டீச்சரம்மாவை நேத்து அவங்க மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. இனிமே அங்கதான் இருப்பாங்களாம். உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லியிருந்தா நான் ஏன் இங்க வந்து..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். வலது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. உடுப்புக்குள்ளே, கழுத்து நாடாவில், மூடி போட்ட ஒரு சின்ன வட்டச் சிமிழ். சிமிழுக்குள் நற்கருணை, பூசையில் கிறிஸ்துவின் உடலாகக் கொடுக்கும் அப்பம். ஆண்டவரையே கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் எகிற முடியுமா? "சரிங்க, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

ஐம்பதைத் தாண்டியும் வீட்டுக்கு அவள் சின்னவள்தான். வேலை பார்க்கும் துணிக்கடையில் பட்டாசக்கா. யார் பற்ற வைத்தாலும் வெடிப்பாள், யாரும் பற்ற வைக்காவிட்டாலும் வெடிப்பாள். இப்படிப்பட்டவளைக் கோயிலில் நற்கருணைப் பணியாளராக எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டால், அவளைப் போல நேரம் தவறாத ஆள் அந்தக் கோயில் பங்கில் வேறு யாரும் இல்லை. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாமல் படுத்துக் கிடக்கும் டீச்சருக்கு நற்கருணை கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பொறுப்பு. பயிற்சியின்போது பங்குத்தந்தை கறாராகச் சொல்லியிருந்தார்: நேராகப் போக வேண்டும், நேராக வர வேண்டும். நடுவில் கடை கண்ணி கூடாது, அரட்டை கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுக்க முடியாமல் போனால் திரும்பக் கோயிலுக்கே கொண்டு வர வேண்டும். அதுவும் முடியாவிட்டால், பணியாளரே பக்தியோடு உட்கொண்டுவிட வேண்டும்.

கோயிலுக்குத் திரும்பினாள். கோயில் பூட்டியிருந்தது. இன்றைக்கு அவளுக்கு வாய்த்ததெல்லாம் பூட்டுதான். பங்குத்தந்தை கிளைப் பங்குக்குப் பூசை வைக்கப் போயிருந்தார், சாயங்காலப் பூசைக்குத்தான் வருவார். சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளையின் போன் அணைந்து கிடந்தது. மணிக்கூண்டின் நிழலில் மத்தியானம் தாண்டும் வரை நின்றுகொண்டு திரும்பத் திரும்ப அழைத்தாள். ஒவ்வொரு முறையும் அதே பெண் குரல் பின்னர் முயற்சிக்கச் சொன்னது. அந்தக் குரலைக்கூட அவள் திட்டவில்லை.

அப்படியானால் அவளே உட்கொண்டுவிட வேண்டியதுதானே? அதுதான் முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா, பெரியவள், ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு அவரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்கு, பக்கத்து வீட்டு நர்சை அப்பாவிடம் உட்கார வைத்துவிட்டுப் பெரியவள் ஓடி வந்திருந்தாள். சாப்பிடும்போது அத்தையிடம், "ரெண்டு வாரம் அப்பாவை ஒரு இல்லத்துல விட்டா, நானும் கொஞ்சம் மூச்சு விடுவேன் அத்தை" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சின்னவளின் காதுக்கு அது போதும். கையில் எடுத்த உணவைத் தட்டில் போட்டுவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "மூச்சு விடணுமாம்! அப்பா மூச்சு எப்போ நிக்கும்னு காத்துக்கிட்டிருக்கா. அதைச் சொல்ல வெக்கமா இருக்கு, அதான் இப்படிச் சுத்தி வளைக்கிறா!"

பெரியவள் எழுந்து, கை கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு போனை எடுப்பதில்லை. ஒரு தடவை நேரில் போனபோது, கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாக, "அப்பா தூங்குறார்" என்று சொல்லிச் சாத்திவிட்டாள்.

சின்னவள், பங்குத்தந்தையிடம் தன் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகத்தான் செய்தாள். மண்டியிட்டு, சிலுவை வரைந்து, ஆரம்பித்தாள். அக்கா அப்பாவை இல்லத்துக்கு அனுப்பப் பார்த்ததில் தொடங்கி, சிறு வயதில் தன்னுடைய புதுச் செருப்பை அக்கா முதலில் போட்டுக்கொண்டு நடந்தது வரைக்கும் போய்விட்டாள். பங்குத்தந்தை பொறுமைசாலி. கடைசியில், "ஏம்மா, உங்க அக்கா பாவத்தையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லிட்டீங்க. அவங்க வந்தா மன்னிப்புக் குடுத்துடலாம். உங்க பாவம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஃபாதர்" என்று எழுந்து வந்துவிட்டாள். மன்னிப்பு ஜெபத்துக்குக்கூட நிற்கவில்லை.

பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நற்கருணை வாங்கக் கூடாது. அதிலிருந்து அவள் வாங்குவதில்லை. எல்லோரும் வரிசையில் போகும்போது பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையில் எதையோ தேடுவாள். பூசை முடிந்ததும் மட்டும் விறைப்பாக எழுந்து போய் டீச்சருக்கான சிமிழை வாங்கிக்கொள்வாள். தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா, கொண்டு போய்க் கொடுத்தால் போதாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். நல்ல சமாதானம்தான். தபாலை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும் வரைக்கும்.

போன் அடித்தது. கோயில்பிள்ளையாக இருக்கும் என்று பாய்ந்து எடுத்தாள். துணிக்கடை முதலாளி. "அக்கா, ஞாயித்துக்கிழமைதான், தெரியும். ஒருத்தர் வந்து கால்சட்டையைத் தூக்கிப் போட்டுட்டுக் கத்திக்கிட்டிருக்கார். நீங்க வந்தாத்தான் ஆகும்."

நேராகப் போக வேண்டும், நேராக வர வேண்டும். ஆனால் போவதற்கு இடம் இல்லை, வருவதற்கும் இடம் இல்லை. சாயங்காலம் வரை பூட்டிய கோயில் வாசலில் எப்படி நிற்பது? துணைக்குக் கூப்பிடலாம் என்றால் புருஷன் லாரியோடு வெளியூரில். நிற்க முடியாமல் நடந்தாள். நடக்கும்போது சிமிழ் மார்பில் லேசாக இடித்துக்கொண்டே வந்தது. சாலையைக் கடக்கும்போது ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டாள். உரசிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள்காரனைப் பார்த்து வாய் திறந்து, மறுபடி மூடினாள்.

கடையின் பின்பக்கம்தான் ஆல்டரேஷன் பகுதி. இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, பட்டன் துளைக்குக் காஜா போடும் அண்ணன் ஒருவர். மேஜை மேல் கால்சட்டை கிடந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர், முகமெல்லாம் சிவந்து போய்.

"கணுக்காலுக்கு மேல நிக்குது! இதைப் போட்டுக்கிட்டு நான் ஆபீசுக்குப் போறதா, மீன் பிடிக்கப் போறதா?"

அளவு கொடுத்த அன்று அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகை வளைத்து நின்றுகொண்டு, "இன்னும் குறைங்க, இன்னும் குறைங்க" என்று மூன்று தடவை சொன்னது சின்னவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். அவள் சொன்னால் அந்த ஆள் இனி தெருவின் அந்தப் பக்கமாகத்தான் நடப்பார். காஜா அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மடிப்புக்குள்ள துணி விட்டிருக்கேன் சார். பிரிச்சு இறக்கித் தரேன். உட்காருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த மனிதர் சண்டைக்கு மூச்சு இழுத்து வைத்திருந்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பட்டாசக்கா, நனைஞ்சுட்டீங்களா?" என்றார் காஜா அண்ணன். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. வேலையைப் பாருங்க."

"இல்ல, ஒரு திட்டுக்கூட விழல. எனக்குப் பயமா இருக்கு."

அவள் ஊசி முனையால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை அமைதியாக இருந்தது, மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. மெஷினில் குனிந்தால் சிமிழ் முன்னால் வந்து தொங்குகிறது. நிமிர்ந்தால் நெஞ்சில் படிகிறது. இந்தக் கடையில் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேரை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறாள்! அப்போதெல்லாம் ஆண்டவர் கோயிலில் பத்திரமாக இருந்தார், இவள் இங்கே இருந்தாள், இரண்டு பேருக்கும் தொந்தரவில்லை. இன்றைக்கு அவரும் கூடவே உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னால் எரிச்சலாகவே இருந்தது. யாரிடமாவது இதைக் கொடுத்துவிட்டால் போதும் என்றிருந்தது.

யாரிடம் கொடுப்பது? இஸ்திரிப் பெட்டியை மடிப்பின் மேல் அழுத்திக்கொண்டே பங்கிலுள்ள நோயாளிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். இடுப்பு முறிந்த ஓட்டுநருக்கு வேறொருவர் கொண்டு போகிறார். சிறுநீரகக்காரர் ஆஸ்பத்திரியில். மாடி வீட்டுப் பாட்டுக்காரம்மா தேறி நடமாடுகிறாள். வேறு யார், வேறு யார் என்று தேடித் தேடி, அத்தனை பேரையும் சுற்றிவிட்டுக் கடைசியில்தான், வேறு வழியே இல்லாமல், அப்பாவிடம் வந்து நின்றாள்.

அப்பாவுக்கு யார் கொண்டு போகிறார்கள்?

யாரும் இல்லை. அவள்தான் அவ்வப்போது பழத்தோடு போகும்போது கொண்டு போவாள். விருந்துக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் டீச்சர் வீட்டுக்குப் போகும் வழியில், அக்கா வீட்டுத் தெருமுனையைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தாள். கழுத்தில் சிமிழோடு. நேராகப் பார்த்துக்கொண்டு.

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். கால்சட்டையை மடித்துச் சொந்தக்காரரின் மடியில் வைத்துவிட்டு, அவர் போட்டுப் பார்ப்பதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். "கோபத்துல சொல்லிட்டேன்." அது மன்னிப்பு இல்லை, சாக்கு. "நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது." அது சண்டை. "அப்பாவுக்காக வந்தேன்." அது தப்பித்தல். ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டே நடந்தவள், கதவருகே போகும்போது வெறும் வாயோடு நின்றாள்.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. இடுக்கில் பெரியவளின் பாதி முகம். அந்தப் பாதியே இளைத்திருந்தது.

"அப்பா தூங்குறார்."

"தெரியும். நான் தனியா வரல."

பெரியவள் அவளுக்குப் பின்னால் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. "யாரு வந்திருக்கா?"

சின்னவள் கழுத்து நாடாவை வெளியே இழுத்துக் காட்டினாள்.

சங்கிலி விழுந்தது. கதவு முழுவதுமாகத் திறந்தது. பெரியவள் ஒரு பக்கம் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டாள். உடன்பிறந்தவளுக்குத் திறக்காத கதவு சிமிழுக்குத் திறந்ததும், சின்னவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்வாசல் வழியாகத் திருட்டுத்தனமாக நுழைந்தது போல இருந்தது. பெரியவள் பேசாமல் மருந்துப் புட்டிகளை ஒதுக்கி, சின்ன மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றினாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. கண் மட்டும் தங்கையைப் பார்க்கவில்லை.

அப்பா ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். மூக்கில் ஒரு மெல்லிய குழாய்.

"இது எப்போதிருந்து?" என்றாள் சின்னவள்.

"நீ வராம இருந்தப்போ. எது குடுத்தாலும் புரை ஏறுது. வாய் வழியா தண்ணிகூடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்." பெரியவள் அப்போதுதான் சிமிழைப் பார்த்தாள். "அப்பாவால வாங்க முடியாது."

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்ததா என்று சின்னவளுக்கு ஒரு கணம் ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அப்போதுதான் பயிற்சியில் பங்குத்தந்தை சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கொடுக்கலாம். அன்றைக்கு அதை அவள் சரியாகக் காதில் வாங்கவில்லை. டீச்சர் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

"நீ கடைசியா எப்போ வாங்கின?"

பெரியவள் யோசித்தாள். "அந்த விருந்து நாள்ல பூசைக்கு நேரமில்ல. அதுக்கு முந்தி... அப்பா விழுந்ததுக்கு முந்தி."

அப்பா விழுந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சின்னவள் இந்த வீட்டுக்குப் பல தடவை சிமிழோடு வந்திருக்கிறாள். அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, காலிச் சிமிழை மூடிக்கொண்டு, அக்கா போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். கேட்கத் தோன்றவே இல்லை.

"அப்போ நீ வாங்கிக்க."

"நானா?" பெரியவள் ஒரு அடி பின்னால் போனாள். "நான் எப்படி வாங்குவேன்? உன் மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைக்குச் சொன்னது பொய், அக்கா. நான் சொன்னது அத்தனையும் பொய். வாய்க்கு வந்ததைப் பேசினேன். என்னை மன்னிச்சிடு." வழியெல்லாம் தேடியும் கிடைக்காத வார்த்தைகள், எந்த அலங்காரமும் இல்லாமல் வந்து விழுந்தன.

பெரியவள் கட்டில் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பொய்யா இருந்திருந்தா அன்னைக்கே மன்னிச்சிருப்பேன்டி."

சின்னவள் புரியாமல் பார்த்தாள்.

"காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். தினமும். சளி உறிஞ்சும்போது, துணி மாத்தும்போது, போதும் ஆண்டவரே, கூப்பிட்டுக்கோன்னு கேக்குறேன். அவருக்காகக் கேக்குறேனா, எனக்காகக் கேக்குறேனான்னு எனக்கே தெரியல. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். நீ எல்லார் முன்னாடியும் எடுத்துப் போட்டுட்ட." வலது கையை விரித்துப் பார்த்தாள். "இப்போ சொல்லு. இந்தக் கையை நீட்டி வாங்கவா?"

ஆயுசு முழுக்க எதற்கும் பதில் வைத்திருந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நானா இருந்தா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முதல் வாரத்துலயே கேட்டிருப்பேன். சத்தமா கேட்டிருப்பேன். தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே அழுகையும் வந்தது. இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, அப்பா எழுந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

பிறகு பெரியவள் போய்க் கை கழுவி வந்தாள். நற்கருணை வாங்கும் முன், ஆண்டவரை ஏற்கத் தகுதியில்லை என்று சொல்லும் ஜெபத்தை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். சின்னவள் சிமிழைத் திறந்தாள். "கிறிஸ்துவின் உடல்" என்றாள். "ஆமென்" என்று அக்கா உள்ளங்கையை நீட்டினாள். சோப்பும் மருந்தும் பட்டுப் பட்டு அந்தக் கை வெடித்திருந்தது.

பெரியவள் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபித்தாள். சின்னவள் சிமிழைத் துடைத்து மூடினாள். சாயங்காலப் பூசைக்கு முன்னால் பங்குத்தந்தை பாவசங்கீர்த்தனம் கேட்பார். இப்போது புறப்பட்டால் சரியாக இருக்கும். சொல்வதற்கு இன்றைக்கு அவளுடைய பாவம் கையில் தயாராக இருந்தது, அக்காவுடையது ஒன்றுகூட இல்லை. எப்போது போகலாம் என்று கால் பரபரத்தது.

"அக்கா, நான் கிளம்பவா?"

பதில் இல்லை. பெரியவளின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜெபம் எப்போதோ தூக்கமாகிவிட்டது.

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. சின்னவள் செருப்பு இருக்கும் இடம் வரைக்கும் போனாள். அப்போது கட்டிலில் இருந்து ஒரு முனகல் கேட்டது. அப்பா அசைந்தார், போர்வை ஈரமாகியிருந்தது. சின்னவள் அக்காவைப் பார்த்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், எழுந்துவிடுவாள். வாயைத் திறந்தாள். குரல் கொடுக்கவில்லை.

துவைத்த துணி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அலமாரி முழுக்கக் கிளறினாள். வந்த நாளெல்லாம் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போனவளுக்கு எதன் இடமும் தெரியவில்லை. விரிப்பைக் கண்டுபிடித்து, அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் திருப்பப் பார்த்தாள். எலும்பும் தோலுமாகிவிட்ட உடம்பு, அப்படியும் அசைந்து கொடுக்கவில்லை.

அப்பா கண்ணைத் திறக்காமலே, குழறிய குரலில் கேட்டார். "யாரு? கை புதுசா இருக்கே."

பெற்ற அப்பாவுக்கு அவளுடைய கை அடையாளம் தெரியவில்லை. குற்றம் அவருடையது இல்லை.

"சின்னவப்பா."

"ஓ... நீயா." வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வது போலச் சொன்னார். "உட்காரும்மா. பெரியவ வந்துருவா."

"அவ தூங்குறாப்பா. நான் மாத்துறேன். எப்படித் திருப்பணும்னு சொல்லுங்க."

மணி அடித்து ஓய்ந்தது.

"முதல்ல தலகாணியை எடு" என்றார்.